வேல்விழி அருவியில் குளிக்கத் தடை

ஜூன் மாதம் பிறந்தால் தென்காசிக்காரர்களுக்குச் சொந்தபந்தம் பெருகிவிடும். கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தும் வராதவர்கள், சாவுக்குச் சொல்லிவிட்டும் எட்டிப் பார்க்காதவர்கள், எல்லோரும் போனில் வந்து ஒரே கேள்வியைக் கேட்பார்கள். "தண்ணி விழுதா?"

நல்லா இருக்கியளா என்று ஒரு வார்த்தை கிடையாது. நாம் செத்தே போயிருந்தாலும், போனை எடுத்துப் பேசுகிறவரிடம், "அடடா, எப்ப? சரி, தண்ணி விழுதா?" என்பார்கள். குற்றாலத்துக்குப் பக்கத்தில் வீடு கட்டிய பாவத்துக்கு நாங்கள் எல்லோரும் சம்பளமில்லாத விசாரணை ஆபீஸ்.

இந்த வருஷம் விழவில்லை. சாரல் எல்லையில் புளியரை வரைக்கும் வந்து, அங்கே ஒரு டீயைக் குடித்துவிட்டுக் கேரளாவுக்கே திரும்பிப் போய்விட்டதாகப் பேசிக்கொண்டார்கள். மெயினருவியில் பாறை மட்டும் இருந்தது. ஐந்தருவியில் ஐந்தையும் சேர்த்துப் பிழிந்தாலும் ஒரு செம்பு தேறாது. குரங்குகள் கடையில் பாட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தன. மூடி திறந்திருக்கிறது, வேறு பாட்டில் கொடு என்று கடைக்காரரிடம் சண்டை போட்ட ஒரு குரங்கை நானே பார்த்தேன்.

நான் போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவன். சீசன் தவறாமல் அருவிக்கரையில் விசில் ஊதியே வயசைக் கழித்தவன். பொய் சொல்லிப் பழக்கமில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

என் மகன் ஆதித்தன் ஐந்தருவி வாகன நிறுத்தத்துக்குப் பக்கத்தில் பொம்மைக் கடை போடுகிறவன். சீசனை நம்பி லாரியில் சரக்கு இறக்கியிருந்தான். ஆள் வரவில்லை. கடையில் வைத்தால் குரங்கு தூக்கிவிடும் என்று அத்தனையையும் வீட்டுக்குள் கொண்டு வந்து அடுக்கிவிட்டான். அன்றோடு என் நிம்மதி போனது. காலை நீட்டினால் ஒரு யானை இந்திப் பாட்டுப் பாடும். திரும்பிப் படுத்தால் முதுகுக்கடியில் ஒரு ஹெலிகாப்டர் கிளம்பும். கக்கூஸுக்குப் போகிற வழியில் ஒரு கரடி கை தட்டி வரவேற்கும். எல்லாவற்றிலும் ஒரு பொத்தான். பொத்தானை அழுத்தினால் பொம்மை ஆடும், பாடும், சிரிக்கும், உருளும். பொம்மை விளையாடும், பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கும். இதற்குத்தான் ஊரெல்லாம் பிள்ளைகள் தரையில் விழுந்து அழுகின்றன.

பேத்தி வேல்விழி மூன்றாம் வகுப்பு. ஒவ்வொரு பொம்மையையும் ஒரு தடவை அழுத்திப் பார்ப்பாள். பாட்டு முடிந்ததும், "முடிஞ்சிட்டு" என்று எழுந்துவிடுவாள்.

ஆதித்தனுக்குப் பொறுக்காது. "ஏட்டி, ஊரு பிள்ளைக எல்லாம் இதுக்கு அழுது உருளுது. உனக்குச் சும்மா கிடைக்கு. உக்காந்து விளையாடேன்ட்டி."

"அதுதான் விளையாடுதுல்லா? நான் எதுக்குப்பா நடுவுல?"

சொல்லிவிட்டுப் பின்பக்கக் கதவு வழியாகப் போய்விடுவாள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் மூடிக்கிடக்கும் ஒரு அரிசி மில். நெல் காயப்போடுகிற சிமெண்டுக் களமும், அதை ஒட்டி ஒரு நெட்டைச் சுவரும் மிச்சம். கூரைத் தண்ணீர் வழிந்து வழிந்து சுவரில் கறுப்பாகக் கோடு கோடாகக் கறை. தெருப் பிள்ளைகள் அந்தச் சுவரில்தான் அருவியைக் கண்டுபிடித்தார்கள்.

கண்டுபிடித்தது யார் என்பதில் இன்னும் தகராறு இருக்கிறது. ஆனால் பெயர் வேல்விழி அருவி. என் பழைய விசில் அவளிடம் இருந்ததால் யாரும் எதிர்த்துப் பேசவில்லை. அவள்தான் போலீஸ். பழைய சேலையை நடுவில் கட்டி ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்று பிரித்திருந்தாள். அடுத்த வீட்டு முஃபீத் சைரன். அவன் வாயைத் திறந்தால் கடையநல்லூரில் இருக்கிற அவன் பெரியம்மா வீட்டில் தறி நின்றுவிடும். எதிர்வீட்டு மஞ்சு சூடாக நேந்திரங்காய் சிப்ஸ் போடுவாள். வாதாமரத்தின் பழுத்த இலையைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டு, "ஊதித் தின்னுங்க, நாக்குப் பொத்திரும்" என்று எச்சரித்துத் தருவாள். மஞ்சுவின் தம்பி குற்றாலீஸ்வரன் சின்னப் பயல். அவன் குரங்கு. வருகிறவர்கள் கையில் இருப்பதைப் பிடுங்கிக்கொண்டு ஓட வேண்டியது அவன் வேலை. அந்த வேலையை அவன் மிகவும் ஈடுபாட்டோடு செய்தான். என் மூக்குக்கண்ணாடி இன்னும் அவனிடம்தான் இருக்கிறது.

முஃபீதின் வாப்பா துபாயிலிருந்து அனுப்பிய ரோபோ ஒன்றும் ஆண்கள் வரிசையில் நிற்கும். "லெட்ஸ் பிளே, லெட்ஸ் பிளே" என்று நாள் முழுக்கக் கெஞ்சும். ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. தொந்தரவு தாங்காமல் குரங்குதான் ஒருநாள் அதன் பேட்டரியைக் கழற்றிவிட்டது.

நான் முதல் தடவை போனது ஒரு சனிக்கிழமை. முறைப்படி தலையில் நல்லெண்ணெய், தோளில் துண்டு. களத்து வாசலிலேயே விசில்.

"தாத்தா! எண்ணெ தேச்சிட்டு வரப்பிடாது. போர்டு பாக்கலையா?"

"எங்கட்டி போர்டு?"

"இப்ப நீங்க சாஞ்சு நிக்கியல்லா, அதுதான்."

நகர்ந்து நின்றேன். "ஏட்டி, நான் யாருன்னு நினைச்ச? இதே அருவிக்கரையில விசில் ஊதியே..."

"ரிட்டயர்டு ஆளுக எல்லாம் ஓரமா நில்லுங்க. வரிசை மறைக்கி."

வீட்டுக்குப் போய்த் தலையைத் துடைத்துவிட்டு வந்து, வரிசையில் ரோபோவுக்குப் பின்னால் நின்று, உள்ளே போனேன். முதலில் பிடரியில் பொத்தென்று விழுந்தது. கொஞ்சம் பின்னுக்கு நகர்ந்தேன். தோள்பட்டையில் அடித்தது. மூச்சு முட்டியது. மாதக்கணக்காக இருந்த கழுத்துப் பிடிப்பு, தைலத்துக்கும் டாக்டருக்கும் அசையாதது, கழன்று போய்விட்டது. ஆதாரம் வேண்டுமென்றால் என் கழுத்து இங்கேதான் இருக்கிறது, யாரும் வந்து பார்க்கலாம்.

மருமகள் ஜெயபிரியா கொடியைப் பார்த்துவிட்டு, "மாமா, துண்டு ஏன் ஈரமா கிடக்கு?" என்று கேட்டாள்.

"குளிச்சேம்மா."

"குழாய்ல தண்ணி வந்து ரெண்டு நாளாச்சே!"

"குழாய்ல யாரு குளிச்சா?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். எனக்கு மாத்திரை கொடுக்கவா, ஆதித்தனிடம் சொல்லவா என்கிற பார்வை.

மறுநாள் சுவரடியில் நிற்கும்போது போன் அடித்தது. மச்சினன் பால்வண்ணநாதன். பூர்வீகம் ராயகிரிப் பக்கம். மதுரையில் டைல்ஸ் கடை போட்டுப் பெரிய ஆளாகிவிட்டார். வருஷத்துக்கு ஒருதரம்தான் என் நினைவு வரும்.

"அத்தான், தண்ணி விழுதா?"

"விழுது."

"நெசமாவா? பேப்பர்ல ஒண்ணும் போடலையே?"

"விழுகுது மாப்ள. சத்தம் கேக்கலயா உனக்கு?"

அவருக்குக் கேட்டிருக்கிறது. அப்போதுதான் முஃபீத் சைரனுக்குத் தொண்டையைச் சரிசெய்துகொண்டிருந்தான். "கூட்டம் எப்படி?" என்றார்.

"ஆம்பளைக பக்கம் ஒரு ரோபோ நிக்கி. வேற தொந்தரவு இல்ல."

மறுநாள் காலையில் வேன் வந்து நின்றது. அதற்குள் மெயினருவி, ஐந்தருவி எல்லாம் போய் வெறும் பாறையைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். பால்வண்ணநாதன் முகம் செங்கல் சூளை மாதிரி இருந்தது.

"அத்தான், வயசான காலத்துல இப்படியா பொய் சொல்லுவிய? டீசல் போட்டு, புள்ளகுட்டியத் தூக்கிட்டு, ஒரு நாள் கடைய அடைச்சிட்டு வந்திருக்கேன்!"

"நான் எந்த அருவின்னு சொன்னேனா? நீ கேட்டியா?"

களத்துக்குக் கூட்டிப் போனேன். அவர் பேரப்பிள்ளைகள் இரண்டு பேரும் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமலே நடந்து வந்தார்கள். வழி தெரிய வேண்டிய அவசியமே இல்லாத பிள்ளைகள். வாசலில் வேல்விழி மறித்தாள். "செல்லை உள்ள கொண்டு போவாதிய. நனைஞ்சிரும்." அவர்கள் யோசிப்பதற்குள் குரங்கு இரண்டையும் பிடுங்கிக்கொண்டு வாதாமரத்தில் ஏறிவிட்டது. கொஞ்ச நேரம் அழுதார்கள். மஞ்சு சிப்ஸ் கொடுத்தாள். பெரியவன் வாயில் வைக்கப் போய், சட்டென்று கையை உதறினான். சூடு.

பால்வண்ணநாதன் மட்டும் நடுக்களத்தில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "அத்தான், இங்கன என்ன இருக்கு? சுவரு. வெறும் சுவரு."

"பெரியவரே, அங்கன நிக்காதிய! பாசி! வழுக்கிரும்!" என்று வேல்விழி கத்தினாள்.

"எங்கம்மா பாசி?" என்று காலைத் தூக்கி வைத்தார். பொதேர் என்று விழுந்தார். வெயிலில் காய்ந்து வெடித்துக் கிடக்கும் சிமெண்டுத் தரையில் பாசி வழுக்கி விழுந்தவரை என் அனுபவத்தில் நான் அதற்கு முன் கண்டதில்லை. எழுந்தவர் பின்பக்கத்தைத் தட்டிப் பார்த்தார். சட்டையைக் கழற்றினார். சாயங்காலம் வரை வெளியே வரவில்லை. அவர் மனைவி வேனிலிருந்து மூன்று தரம் ஆள் அனுப்ப வேண்டியிருந்தது. ஊருக்குப் போய் ஒரு வாரம் தும்மினாராம்.

அந்தத் தும்மலில்தான் வினை வந்தது. மதுரையில் யாருக்காவது சளி பிடித்தால் எங்கே குளித்தாய் என்று கேட்பார்கள் போல. அடுத்த வாரம் எங்கள் சந்தில் வேன் நிறுத்த இடமில்லை. சிவகாசியிலிருந்து வந்தார்கள், கோவில்பட்டியிலிருந்து வந்தார்கள். வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள், குளித்தார்கள், தலையைத் துவட்டிக்கொண்டு போனார்கள். பிள்ளைகளைக் கிளப்புவதுதான் கஷ்டம்.

இதை ஆதித்தன் மாடியிலிருந்து பார்த்தான். சரக்கு விற்காதவன் கண்ணுக்கு ஆள் கூட்டம் எப்படித் தெரியும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கே போய் மில் இடத்தின் சொந்தக்காரர் ஞானதுரையைக் கூட்டி வந்துவிட்டான். ஞானதுரை சீசன் காண்டிராக்டர். அருவிக்கரைக் கடை, வண்டி நிறுத்தம் எல்லாம் ஏலம் எடுத்தே தலை நரைத்தவர். இந்த இடம் தன்னுடையது என்பதே அவருக்கு ஆதித்தன் சொல்லித்தான் நினைவு வந்தது.

"அப்பா, இது ஒரு கான்செப்ட்டு" என்றான் ஆதித்தன் சாப்பாட்டில் உட்கார்ந்து.

"சோத்தைத் தின்னுட்டுச் சொல்லு."

"இப்ப எல்லாப் பேரண்ட்ஸும் பிள்ளைகளுக்கு இமாஜினேஷன் வேணும், இமாஜினேஷன் வேணும்னு தேடி அலையுதாங்க. நாம அதை பேக்கேஜாக் குடுக்கப் போறோம்."

"அதுதான் பின்னால சும்மா கிடைக்கே?"

"சும்மா கிடைச்சா எவன்ப்பா மதிப்பான்?"

இவனைப் பெற்றதற்கு ஒரு ஹெலிகாப்டரைப் பெற்றிருக்கலாம். பொத்தானை அமுக்கினால் நிறுத்தவாவது செய்யலாம்.

ஒரு வாரத்தில் களத்துக்கு வேலி, வாசல், டிக்கெட் மேஜை எல்லாம் வந்துவிட்டன. "இமாஜினேஷன் கிட்" என்று ஒரு பெட்டி. உள்ளே பிளாஸ்டிக் விசில், போலீஸ் தொப்பி, பின்னால் மாட்டிக்கொள்ள ஒரு குரங்கு வால், சிப்ஸுக்கு மஞ்சள் பிளாஸ்டிக் வட்டம். எப்படி விளையாட வேண்டும் என்று படம் போட்டு ஒரு தாள். மஞ்சு பிளாஸ்டிக் வட்டம் ஒன்றை எடுத்து ஊதிப் பார்த்தாள். "இது சுடவே இல்லயே" என்று திருப்பி வைத்துவிட்டாள். முஃபீதின் இடத்தில் பொத்தான் வைத்த சைரன் ஒன்று பொருத்தினார்கள். அவனை அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்கள், மரியாதையாக.

கடைசியாக வந்தது தண்ணீர். காசு கொடுத்து வருகிறவன் தண்ணி எங்கே என்று கேட்பான் என்றார் ஞானதுரை. சுவர் உச்சியில் ஓட்டை போட்ட பிவிசி பைப்பு, கீழே ஒரு மோட்டார், ஒரு தொட்டி.

பைப்பு மாட்டும்போது வேல்விழி பக்கத்தில் நின்றாள். "அப்பா, இனிமே தண்ணி எங்கன விழும்?"

"பைப்பு எங்கன இருக்கோ அங்கன."

"அப்ப நேத்து வரைக்கும் விழுந்தது?"

"அது சும்மாட்டி. நீங்களா நினைச்சுக்கிட்டது."

என்னிடம் வந்து உட்கார்ந்தாள். "தாத்தா, நம்ம தெருவுல வேற சுவரு இருக்கா?" என்றாள்.

நானும் யோசித்துப் பார்த்தேன். ஒரு சுவரில் கட்சி விளம்பரத்துக்கு இடம் பிடித்து எழுதியிருக்கிறது. ஒன்றின் அடியில் பைக் நிறுத்துகிறார்கள். ஒன்றின் உச்சியில் கண்ணாடிச் சில்லு பதித்து, "நாய்கள் ஜாக்கிரதை" என்று போட்டிருக்கிறது. காலியாகக் கிடந்த மனை எல்லாம் முள்கம்பிக்குள் போய்விட்டது. எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு இருந்தது இந்த ஒரு சுவர்தான். இதுவும் போனால் அவர்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து யானை பாடுவதைக் கேட்க வேண்டியதுதான்.

எரிச்சலோடு ஞானதுரையிடமே போனேன். "அண்ணாச்சி, பிள்ளைக விளையாடுத இடம். விட்டுருங்க."

அவர் நெகிழ்ந்துபோனார். "ஏட்டையா, நானும் சின்ன வயசுல இப்படி விளையாடினவன்தான். வாழை மட்டையில வண்டி கட்டி ஓட்டியிருக்கேன். அந்த ஞாபகத்துலதான் டிக்கெட்டைக் குறைச்சு வச்சிருக்கேன்."

இந்த மனுஷரிடம் என்ன பேச? வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. வீட்டிலிருந்த பொம்மைச் சரக்கு முழுவதையும் ஆதித்தன் வாசலில் கடை பரப்பியிருந்தான். நல்ல கூட்டம். பாதிப்பேர் ஏற்கெனவே வந்து சும்மா குளித்துப்போன ஆட்கள். ஞானதுரை நாடாவை வெட்டினார். ஆதித்தன் மோட்டாரைப் போட்டான். பைப்பிலிருந்து சீப்புப் பல் மாதிரி ஒரே சீராகத் தண்ணீர் இறங்கியது.

பிள்ளைகளைத் தள்ளிவிட்டார்கள். பிள்ளைகள் நனைந்தார்கள். ஒரு பயல் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்றான்.

பெரியவர்கள் ஆரம்பித்தார்கள். "என்னவே, ஃபோர்ஸே இல்ல?" "தண்ணி வெந்நி மாதிரி இருக்கு." "டிரஸ் மாத்த ரூம் எங்க?" "கீழ டைல்ஸ் போட்டிருக்கலாம்லா?" கடைசியாகச் சொன்னது பால்வண்ணநாதன். போன தடவை இதே தரையில் பாசி வழுக்கி விழுந்துவிட்டு, பேரானந்தமாகத் தும்மிக்கொண்டு போன அதே ஆள். டிக்கெட் கிழித்துக் கொடுத்ததும் கண் அவிந்துபோய்விட்டது.

ஆதித்தன் மைக்கைப் பிடித்து, "அடுத்து நம்ம போலீஸ் மேடம் வேல்விழி! அவங்களோட போட்டோ எடுத்துக்கலாம்!" என்றான். தொளதொளவென்று ஒரு காக்கிச் சட்டையை மாட்டி அவளை ஒரு பெட்டி மேல் நிறுத்தியிருந்தார்கள். முஃபீத் நாற்காலியில் கையை மடித்து உட்கார்ந்திருந்தான். குற்றாலீஸ்வரனுக்கு மாட்டிய பிளாஸ்டிக் வால் நழுவி நழுவி விழுந்தது. அவன் ஒருவர் கையிலிருந்து பாப்கார்னைப் பிடுங்க, "யார் பெத்த பிள்ளை இது?" என்று முதுகில் ஒன்று விழுந்தது. அந்த அருவிக்கரையில் குரங்கு அடி வாங்கியது அதுதான் முதல் தடவை.

வேல்விழி அதைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். பைப்பைப் பார்க்கவில்லை. அதற்கும் மேலே, மலைப் பக்கம் பார்த்தாள். எனக்கு அந்தப் பார்வை தெரியும். சர்வீஸில் நான் மலையைப் பார்த்த பார்வை அது.

பிளாஸ்டிக் விசிலைக் கீழே போட்டாள். இடுப்பில் செருகியிருந்த என் பழைய விசிலை எடுத்து, ஒரே மூச்சில், நீளமாக ஊதினாள்.

"கலங்கிட்டு! தண்ணி கலங்கிட்டு! மேல மழை! எல்லாரும் வெளிய வாங்க!"

வெளியூர் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கீழே பளீரென்று வெயில் அடிக்கும். மலை மேல் எங்கோ கொட்டியிருக்கும். அருவித் தண்ணீரின் நிறம் லேசாகச் செம்மண்ணாக மாறும், அவ்வளவுதான் அறிவிப்பு. அடுத்த நிமிஷம் மரத்தோடு கல்லோடு வந்துவிடும். அதனால் குற்றாலத்தில் அந்த நீள விசில் கேட்டால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை, வானத்தைப் பார்ப்பதில்லை. பிள்ளையைத் தூக்கு, ஓடு. எங்கள் பக்கத்துக்காரனுக்கு அந்தச் சத்தம் மூளைக்குப் போவதே இல்லை. காதிலிருந்து நேராகக் காலுக்குப் போய்விடும்.

முதலில் ஓடியது ஞானதுரை. அருவிக்கரையிலேயே பிழைத்த உடம்பு. கையில் நாடா வெட்டிய கத்தரிக்கோலோடு ஓடினார். ஓடி, வேன் மேல் ஏறிவிட்டார். அவர் ஓடியதைப் பார்த்து மற்றவர்கள் ஓடினார்கள். முஃபீத் நாற்காலியிலிருந்து எழுந்து வாயைத் திறந்தான். பொத்தான் வைத்த சைரன் வெட்கப்பட்டு அதன்பிறகு வேலை செய்யவே இல்லை. பால்வண்ணநாதன் இரண்டு பேரப்பிள்ளைகளையும், அவசரத்தில் ஒரு ரோபோவையும் அள்ளிக்கொண்டு வேலியைத் தாண்டினார். கண் மூடித் திறப்பதற்குள் களம் காலி.

வெள்ளம் வந்தது. டிக்கெட் மேஜையை அடித்துக்கொண்டு போனது. ஆதித்தனின் கடைச் சரக்கு முழுவதும் மிதந்தது. குமிழித் துப்பாக்கிகள் பழைய பஸ் ஸ்டாண்டு வரை போய் ஒதுங்கின. இந்திப் பாட்டு யானை கீழப்பாவூர்ப் பக்கம் ஒரு குளத்தில் பாடிக்கொண்டே கரையேறியதாகக் கேள்வி. ஓடிய ஜனங்கள் மிதித்தும் தள்ளியும், பிள்ளைகள் ஆளுக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டும் போனதால்தான் சரக்கு போனது என்று ஜெயபிரியா சொல்கிறாள். அவள் அப்போது மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அங்கிருந்து தண்ணீர் மட்டம் தெரியாது.

வேல்விழி பழைய சேலையை அவிழ்த்து வாசலுக்குக் குறுக்கே கட்டினாள். "குளிக்கத் தடை" என்றாள்.

ஞானதுரை வேன் மேலிருந்தே கேட்டார். "ஏம்மா, தடையை எப்ப எடுப்ப?"

"தண்ணி குறையணும்."

"எப்ப குறையும்?"

"அது மேல மழை நிக்கணும்லா?"

அவர் ஆதித்தனைப் பார்த்து, "உள்ள போயி மோட்டாரை ஆஃப் பண்ணும்வே" என்றார்.

"நீங்க போங்களேன் அண்ணாச்சி."

ஞானதுரை களத்தைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். தடை போட்டிருக்கும்போது சீசன் காண்டிராக்டர் உள்ளே இறங்கினால், நாளைக்கு ஒன்று ஆகிப்போனால், யார் பதில் சொல்வது? "மோட்டாரு கிடக்கட்டும். தண்ணி வடிஞ்ச பொறவு எடுத்துக்கிடலாம்" என்று சொல்லிவிட்டு, வேனின் மறுபக்கமாக இறங்கிப் போனவர்தான். இந்த இடத்தில் தொழில் செய்ய முடியாது, வெள்ள அபாயம் இருக்கிறது என்று போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனாராம்.

சாயங்காலம் வெளியில் மெயினைப் பிடுங்கி மோட்டாரை நிறுத்தினார்கள். பைப்பு சொட்டிக்கொண்டிருந்தது. சேலைக்கு இந்தப் பக்கம் ஆதித்தன், அந்தப் பக்கம் வேல்விழி. அவனுக்குக் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. எனக்குப் பாவமாகக்கூட இருந்தது, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. காட்டினால் அடுத்த கான்செப்ட்டைச் சொல்ல ஆரம்பித்துவிடுவான்.

"ஏட்டி, என் பொழப்பே போச்சுட்டி. அங்கன என்ன இருக்குன்னு இப்படிப் பண்ணின? காஞ்ச தரை. நான் இப்ப உள்ள போறேன், பாரு."

"போங்க" என்றாள்.

காலைத் தூக்கினான். தூக்கிய கால் தூக்கியபடி நின்றது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இறக்கவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, கொக்கு மாதிரி, இந்தப் பக்கமே திருப்பி வைத்தான்.

"சவத்தெழவு! கோட்டிக்காரக் குடும்பத்துல வந்து பொறந்திருக்கேன்" என்றான் என்னைப் பார்த்து. "அப்பா, நீங்களாவது சொல்லுங்களேன்!"

"நான் ரிட்டயர்டு ஆளு" என்றேன்.

வேல்விழி சேலைக்குப் பக்கத்தில் வந்தாள். குரல் இறங்கியிருந்தது. "அப்பா, அந்தப் பைப்புதான் வழியை அடைக்கி. அதக் கழட்டிட்டா தண்ணி வடிஞ்சிரும். பொறவு நீங்களும் குளிக்கலாம். காசு வேண்டாம்."

"உள்ள போகாம எப்படிட்டி கழட்ட?"

"நான் விசில் குடுக்கேன். ஒருத்தரு மட்டும் போலாம்."

அவன் பைப்பைப் பார்த்தான். மகளைப் பார்த்தான். தெருவில் மூலைக்கு மூலை சிதறிக் கிடந்த பெட்டிகளைப் பார்த்தான். முஃபீதும் மஞ்சுவும் மூச்சுவிடாமல் நின்றார்கள். குற்றாலீஸ்வரன் வாதாமரத்தில் இருந்தான். ஆதித்தன் பெருமூச்சு விட்டு ஸ்பேனரை எடுத்தான். வேல்விழி சேலையைத் தூக்கிப் பிடித்து, சின்னதாக ஒரு விசில் கொடுத்தாள்.

வாசலில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தான். குனிந்து செருப்பைக் கழற்றி வைத்தான். பிறகு வேட்டியைத் தொடைக்கு மேல் தூக்கி இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு காலாக ஊன்றிப் பார்த்து ஊன்றிப் பார்த்து உள்ளே இறங்கினான்.

அவ்வளவு உயரம் தூக்கியிருக்க வேண்டியதில்லை. அப்போது தண்ணீர் முழங்கால் அளவுக்குத்தான் இருந்தது. எதையும் அளவோடு செய்யத் தெரியாது அவனுக்கு.